மட்ஃபிளாப்புக்குப் பின்னால் வைத்த பஞ்சு

வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, லாரி எடைமேடை எழுத்தர், காரின் இடதுபக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் மட்ஃபிளாப்பைக் கழுவுவதற்காகக் கழற்ற உட்கார்ந்தார். முதல் இரண்டு திருகுகளும் ஒழுங்காக வந்தன. மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர வெளியே வரவில்லை. திருகைப் பிடித்திருக்க வேண்டிய தகடு அங்கே இல்லை என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ரப்பரை லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. கூடவே ஊறிப்போன ஃபோம் பஞ்சும், அதில் ஒட்டிக்கொண்டு கட்டைவிரல் நகம் அளவுக்கு நீலப் பெயிண்டும் வந்தன. பெயிண்ட் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு பொத்தல். அதன் வழியே அந்தப் பக்கத்துத் தரை தெரிந்தது.



ஒன்று என்றால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். மற்ற மூன்றையும் கழற்றினார். வலதுபக்கப் பின்சக்கரத்தில் இதைவிட மோசம். முன்சக்கரங்கள் இரண்டிலும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் நொறுங்குவதைப் போல் நொறுங்கியது. நான்கிலும் பஞ்சைப் பிழிந்து பார்த்தார். நான்கிலிருந்தும் செந்தண்ணீர் வடிந்தது.

கார் அவருடையதாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து வேலைக்குப் போயிருப்பார். கார் மனைவியின் அண்ணனுடையது. அந்த மச்சான் கப்பலில் எஞ்சினியர். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கப்பலேறும்போது காரை இங்கே விட்டுவிட்டுப் போனவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறார்.

காரை எங்கே விடுவது என்று அன்றைக்கு நடந்த பேச்சு அவருக்கு இன்னும் காதில் இருந்தது. சகலைக்கு, அதாவது மனைவியின் தங்கை புருஷனுக்கு, டயர் கடை இருக்கிறது; கடைக்குப் பின்னால் கூரை போட்ட இடமும் இருக்கிறது. அங்கே விடுவது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் மனைவிதான் நடுவில் புகுந்து, "எங்க வீட்லயே இருக்கட்டும்ண்ணா. இவர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துப்பார்" என்றாள்.

"யாரு, சர்ஜனா?" என்று சகலை கேட்டதும் வீடே சிரித்தது.

சர்ஜன் என்பது அந்த வீட்டில் இவருக்கு வைத்த பெயர். கல்யாணமான புதிதில் மாமனாரின் ரேடியோவைப் பிரித்தார். அதற்குப் பிறகு அது பாடவில்லை. மாமியாரின் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். மூடியபோது இரண்டு சக்கரங்கள் மிச்சம் இருந்தன. "நம்ம சர்ஜன் வயித்தத் தொறப்பாரு, தைக்கிறதுக்கு வேற ஆளப் பாக்கணும்" என்று சகலை சொல்லிச் சொல்லி, அது குழந்தைகள் வாய்வரைக்கும் போய்விட்டது.

மனைவி மட்டும் சிரித்ததில்லை. மிக்ஸி நின்றாலும், அயர்ன்பாக்ஸ் சுடாவிட்டாலும், கொண்டுவந்து இவர் மடியில்தான் வைப்பாள். பாதி சரியாகும், பாதி ஆகாது. ஆகாததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிறந்தவீட்டுக்குப் போகும்போது, "எங்க வீட்ல எல்லாம் அவர் கைவேலைதான், எல்லாம் ஓடுது" என்று கூசாமல் சொல்லுவாள். அன்றைக்கு மச்சான் கார்ச்சாவியை அவள் கையில் வைத்து, "உன்ன நம்பிக் குடுக்கறேன்" என்றார். 'உன்ன' என்பதை அழுத்தித்தான் சொன்னார். அது எல்லோருக்கும் கேட்டது.

அதனால் இவர் காத்தது காரை அல்ல. ஒருத்தி எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்ன ஒரு வார்த்தையை.

மட்ஃபிளாப் வந்த கதையும் அதுதான். எடைமேடை இருப்பது கல் குவாரிச் சாலையில். இவர் வீடும் அதே சாலையில். இவர் எடைபோட்டு அனுப்புகிற லாரிகளே வழியெல்லாம் ஜல்லியைச் சிந்திக்கொண்டு போகும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று காரை வாரம் ஒருமுறை ஓட்டியதில், முதல் மாதமே முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, வெள்ளைப் புள்ளிகள் மூன்று விழுந்துவிட்டன. ஆழ்ந்த நீலத்தில் அரிசி ஒட்டியதைப் போல் தெரிந்தன. அன்றைக்கே போய் மட்ஃபிளாப் நான்கு வாங்கினார். கடைக்காரர் பத்து நிமிஷத்தில் மாட்டித் தருகிறேன் என்றார். பத்து நிமிஷத்தில் மாட்டுகிறவன் கையில் மச்சான் காரைக் கொடுப்பதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. செய்தித்தாளில் அளவு வெட்டி, சக்கர வளைவில் ஒட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டயர் ரப்பரில் உரசுகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தார். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. ஓடும்போது ரப்பர் ஆடும். ஆடினால் பெயிண்டில் தேயும். தேயாமல் இருக்க, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் மெத்தென்று ஃபோம் பஞ்சைப் பட்டையாக வெட்டி வைத்து, சந்துபொந்து இல்லாமல் இறுக்கித் திருகிவிட்டார். மனைவி வந்து பார்த்துவிட்டு, "பஞ்செல்லாம் வெச்சு... இந்த மாதிரி வேற யாருக்குத் தோணும்?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட விழவில்லை. அது மெய். ஞாயிறு தவறாமல் ஹோஸ் பைப்பால் காரைக் கழுவினார். அதுவும் மெய். மழையில் நனைந்தது போதாதென்று, பஞ்சுக்கு வாரா வாரம் இவரே தண்ணீர் காட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கழற்றிய ரப்பர்களையும் பஞ்சையும் டிக்கியில் போட்டுக்கொண்டு காரை டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துப் போனார். பட்டறைக்காரர் குனிந்து ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். அது பிடிவரைக்கும் உள்ளே போனது.

"சேறு விழணும் சார், தண்ணி வடியணும், காத்து போகணும். மூணு வழியையும் அடைச்சு, உள்ள ஈரத்த வெச்சுத் தெச்சிருக்காங்க. துருவ எடுத்துத் தொட்டில்ல போட்டு ஆட்டின மாதிரி இருக்கு. யாரு மாட்டினது?"

"கடையில" என்றார் எழுத்தர்.

பட்டறைக்காரர் நிமிர்ந்து இவரை ஒருமுறை பார்த்தார். "எந்தக் கடையில சார்? காசு வாங்கிக்கிட்டு எவனும் இவ்ளோ மெனக்கெட மாட்டானே. பஞ்ச அளவெடுத்து வெட்டி, ஓரமெல்லாம் மடிச்சு... இவ்ளோ பொறுமையா ஒரு வண்டிய நாசம் பண்ணி நான் பார்த்ததில்ல."

இவர் பேச்சை மாற்றினார். "எத்தனை நாள் ஆகும்?"

"நாலு பக்கமும் வெட்டி எடுக்கணும், புதுத் தகடு வெல்டிங் பண்ணணும், பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு... பத்து நாள்னு வெச்சுக்குங்க."

"ஞாயித்துக்கிழமை காலையில வண்டி வேணும்."

"அப்ப இதையே திரும்ப மாட்டிக்கிட்டுப் போங்க. கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா மெய்யாகச் சொன்னாரா என்று இவர் யோசிக்கவில்லை. வழியில் நிறுத்தி இரண்டு குழாய் வெள்ளைப் பசை வாங்கினார். திருகு பிடிக்காத இடத்திலெல்லாம் பசையை அப்பி, ரப்பர்களைப் பழையபடி ஒட்டினார். வேலை சுத்தமாக இருந்தது. எட்டி நின்று பார்த்தபோது, இவ்வளவு சுத்தமாகத் தன் கையால் வேறு எதையும் செய்ததில்லை என்று தோன்றி, அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை முழுக்க மனைவியிடம் சொல்லிவிடத்தான் நினைத்தார். காலையில் ஆரம்பித்தார்; அவள் குளிக்கப் போனாள். மத்தியானம் அவள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும், "ஒரு விஷயம்" என்றார். "நானும் ஒரு விஷயம் சொல்லணும், முதல்ல நான் சொல்றேன்" என்று அவள் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி போன் பண்ணினா. அவ வீட்டுக்காரரும் நாளைக்கு அண்ணன்கூட வர்றாராம். வண்டியில என்னென்ன சாமான் மிஞ்சியிருக்குன்னு எண்ணிப் பாக்கவாம். எண்ணட்டும். நாளைக்கு அவர் மூஞ்சிய நான் பாக்கணுங்க. பதினாறு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் களை இருந்தது. "உங்க விஷயம் என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. டேங்க் ரொப்பிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சானும் சகலையும் வந்தார்கள். மச்சான் காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். பானெட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். "மாப்ள, நான் விட்டுட்டுப் போனதவிடப் பளபளன்னு இருக்கே. என் பொண்டாட்டிகூட என்னை இப்படிப் பார்த்துக்கிட்டதில்ல" என்றார். இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். 

சகலை குனிந்து, "இதென்ன சகல, நாலு காது முளைச்சிருக்கு?" என்றார்.

"மட்ஃபிளாப்" என்று மனைவிதான் சொன்னாள். "கல்லு தெறிச்சுப் பெயிண்ட் போகக் கூடாதுன்னு இவரே போட்டது. சும்மா இல்ல, உள்ள பஞ்சு வெச்சு. பெயிண்டுல ரப்பர்கூடப் படக் கூடாதுன்னு. எந்தக் கடையில இப்படிச் செய்வாங்க? என்னங்க, ஒண்ணே ஒண்ணு கழட்டிக் காட்டுங்க."

"எதுக்கு இப்ப... கையெல்லாம் அழுக்காயிடும்."

"கழுவிக்கலாம். காட்டுங்க."

"வேண்டாம்மா. அவங்களுக்கு நேரமாகுது."

"சர்ஜனுக்குக் கை நடுங்குது" என்று சகலை கண்ணடித்தார்.

அவள் விடவில்லை. உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தாள். இவர் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கத்தில் அவளே மண்டியிட்டாள். "இவருக்குத் தன் பெருமையத் தானே சொல்லிக்க வெக்கம்" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு திருகுகளைக் கழற்றினாள். மூன்றாவது சும்மா சுற்றியது. 'நிறுத்து' என்று சொல்ல இவருக்கு நேரம் இருந்தது.  அவள் ரப்பரைப் பிடித்து இழுத்தாள்.

பசை உரிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ரப்பரோடு துருத் தகடு ஒரு துண்டு வந்து அவள் மடியில் விழுந்தது.

மச்சான் உட்கார்ந்து, பொத்தலில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பட்ட இடம் மேலும் உதிர்ந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்தார்.  சகலை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிதருக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை. "விடுங்க சகல, மழையில இரும்பு அப்படித்தான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் கேலியே செய்திருக்கலாம் என்று எழுத்தருக்கு இருந்தது.

மனைவி எழுந்திருக்கவில்லை. ரப்பரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையின் தேதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். விரலால் தடவி, முகர்ந்தாள்.

"இந்தப் பசை புதுசு" என்றாள். பிறகு இவரை நிமிர்ந்து பார்த்து, தாழ்ந்த குரலில், "எப்ப ஒட்டினீங்க?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை."

அவள் விரலை மடக்கவில்லை. ஆனால் எண்ணுகிறாள் என்பது தெரிந்தது. வெள்ளி. சனி. டேங்க் ரொப்பிட்டேன் என்றது. இப்போது தானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தது. எண்ணி முடித்ததும், மடியிலிருந்த துருவைத் தட்டிவிட்டு எழுந்து, அண்ணனிடம் போனாள்.

"என் தப்புண்ணா. இங்க இருக்கட்டும்னு நான்தான் கேட்டேன்."

"அட, விடும்மா. கார்தானே. தகடு வெச்சு அடிச்சா சரியாயிடும்" என்றார் மச்சான். அவள் தலையைத் தொட்டார். பிறகு, "மத்த மூணும் பிரிக்க வேண்டாம், அப்படியே எடுத்துட்டுப் போறேன்" என்று சகலையிடம் சொன்னார். இவரிடமும் போய்வருகிறேன் என்று சொன்னார், முறைக்குச் சொன்னார். கார் ஜல்லிச் சாலையில் இறங்கிப் போனது. கழற்றிய ரப்பர் ஒன்று மட்டும் வாசலில் கிடந்தது.

அவள் சண்டை போடுவாள் என்று இவர் காத்திருந்தார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்குப் பதிலும் வைத்திருந்தார். உன் முகத்தைப் பார்த்தேன், அதனால்தான் சொல்லவில்லை என்று. அவள் கேட்கவில்லை. சோறு போட்டாள். "இன்னும் வேணுமா?" என்றாள். துணி மடித்தாள்.

நாலு மணி வாக்கில் சமையலறைக் குழாய் மூடாமல் போயிற்று. எவ்வளவு முறுக்கியும் சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சத்தம் கேட்டதும் இவர் பாய்ந்து எழுந்தார். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். அது இவருக்குத் தெரிந்த வேலை. இதைச் சரிசெய்து கொடுத்துவிட்டால், அப்படியே பேச்சும் தொடங்கிவிடும். அலமாரியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தபோது, அவள் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிளம்பர் பக்கத்துத் தெருவுலதான் இருக்காராம். இப்ப வந்துடுவாரு" என்றாள். கோபம் இல்லை. காய்ச்சல் கண்டவனிடம் பேசுகிற குரல். "நீங்க போய் உக்காருங்க."

"வாஷர்தான். அஞ்சு நிமிஷ வேலை."

"தெரியும். பரவால்ல, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். பிளம்பர் வந்து, பையை இறக்கிவைத்து, குழாயை ஒருமுறை திருகிப் பார்த்தார். சாமானை எடுக்கத் திரும்பியபோது, வழியில் ஒரு ஆள் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

அவர் தள்ளிக்கொண்டார்.