ரோஸ்கோ டில்மனைத் தேடி வந்த அடிகள்

இரண்டாயிரமாம் ஆண்டு செப்டம்பர் முதல் ஞாயிறு, மதியம் ஒன்று பதினேழுக்கு, போர்ட் கார்வின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரான ரோஸ்கோ டில்மன் மைதான ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே ஐந்தடி பின்னால் பறந்து தண்ணீர் டிரம்மின் மேல் விழுந்தார். விலா எலும்பில் விரிசல். மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது மார்பில் ஒரு தலைக்கவசத்தின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. தோலில் நீலச் சாயம்கூடக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நீலக் கவசம் அணியும் அணி அன்றைக்கு அறுநூறு மைல் தள்ளி வேறொரு ஊரில் ஆடிக்கொண்டிருந்தது.

ரோஸ்கோ அலபாமாக்காரர். எண்பத்து மூன்றிலிருந்து பதினொரு பருவங்கள் இதே அணிக்குப் பந்து பிடித்தவர். பந்தைப் பிடிப்பது பெரிய காரியமில்லை, அதை எங்கே போய்ப் பிடிப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. மைதானத்தின் நட்டநடுவே எருமைக் கடா போன்ற ஆட்கள் காத்திருப்பார்கள். பந்தை நோக்கிக் கையை நீட்டியவனின் நெஞ்சு திறந்து கிடக்கும். மற்றவர்கள் அங்கே கையைச் சுருக்கிக்கொள்வார்கள், ரோஸ்கோ மட்டும் முழுக்க நீட்டுவார். இடித்துத் தள்ளுவார்கள், எழுந்து சிரித்தபடி ஓடி வருவார். வலிக்கவே இல்லை என்று அவர் சொன்னது வீம்பு இல்லை, நிஜமாகவே வலிக்கவில்லை. இரும்பு உடம்பு என்று ஊர் கொண்டாடியது. உண்மையில் அந்த உடம்பு அடிகளை வாங்கிக்கொள்ளவே இல்லை. வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் திரும்பிப் போய் இன்னொரு நாள் வருவார் அல்லவா, அப்படித்தான் அவையும் திரும்பிப் போயிருந்தன.

அதைக் கண்டுபிடித்தவரும் ரோஸ்கோதான். பயிற்சியாளர்கள் திங்கட்கிழமைதோறும் இருட்டறையில் உட்கார்ந்து ஆட்டப் பதிவுகளை ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பதினேழு வருடம் பழைய நாடா ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதே செப்டம்பர் முதல் ஞாயிறு, அதே ஒன்று பதினேழு, நீலக் கவசம் போட்ட ஒருவன் அவர் மார்பில் இடித்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு அடுத்த அடி எப்போது வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. சாமான் அறையைப் பார்த்துக்கொண்ட எல்வுட், குறித்த நிமிடத்துக்கு அவருக்குப் பின்னால் ஒரு மெத்தையோடு வந்து நிற்பார். தொலைக்காட்சிக்காரர்கள் அந்த நேரத்தில் நாகரிகமாகக் கூட்டத்தைக் காட்டினார்கள். ஆட்டம் இல்லாத ஞாயிறுகளில் வீட்டுச் சோபாவில் வாங்கிக்கொள்வார்.

அவர் மனைவி வெர்லீன் முதல் வருடம் அழுதாள், இரண்டாம் வருடத்திலிருந்து கடிகாரம் பார்த்தாள்.

"ரோஸ்கோ, வர்ற ஞாயிறு உனக்கு எத்தன மணிக்கு? பாதிரியார் சாப்பிட வர்றாரு."

"ரெண்டரைக்கு. சின்னதுதான், முழங்கால்ல."

"அப்ப ஒரு மணிக்கே பரிமாறிடறேன். போன தடவ மாதிரி சூப்புக் கிண்ணத்துல விழுந்து மானத்த வாங்காத."

இப்படி நாலு வருடம் ஓடியது. இரண்டாயிரத்து நாலு நவம்பரில் ரோஸ்கோ தன் ஆட்களுக்கு ஒரு பாடம் நடத்தினார். பந்து தன்னிடம் வராத நேரத்தில், வேறு பக்கம் பார்த்து ஓடும் எதிராளியை இடப்புறமிருந்து பாய்ந்து சாய்க்கும் வித்தை. அந்தக் காலத்தில் விதி அதை அனுமதித்தது. அதற்கு அவர் பத்து வருடமாகக் காட்டி வந்தது தன் சொந்த ஆட்டத்தைத்தான், எண்பத்தேழு டிசம்பர் முதல் ஞாயிறு, இரண்டு ஐம்பத்திரண்டுக்கு மிலோ ஸ்லிவ்காவைச் சாய்த்தது. அறை வழக்கம்போல ஆரவாரித்தது. ஸ்லிவ்கா ஒன்பது நிமிடம் நினைவில்லாமல் கிடந்து, எழுந்து, கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டு எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் சிரிக்கும் இடம் அது. ரோஸ்கோவுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஸ்லிவ்காவின் முகத்தில் இருந்த இளிப்பு, வலிக்காமல் எழுந்து வரும்போதெல்லாம் தன் முகத்தில் இருந்த அதே இளிப்பு.

தான் வாங்கியதையே எண்ணிக்கொண்டிருந்தோம், கொடுத்ததை நினைக்கவே இல்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அடிகளும் பதினேழு வருடம் கழித்து உரியவர்களைத் தேடிப்போகுமே. எண்பத்தைந்து அக்டோபரில் இப்படியே சாய்த்த டெல்பர்ட் கிராடக் என்பவரின் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்தார். அவர் மனைவிதான் எடுத்தாள்.

"டெல்பர்ட் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே. ஏணி மேல நின்னு கூரையில இருந்த இலையத் தள்ளிக்கிட்டிருந்தாரு. யாரோ தள்ளிவிட்ட மாதிரி விழுந்தாரு. குடிச்சிருந்தாருன்னு சொன்னாங்க. அவரு தொட்டதே இல்ல."

"அக்டோபர் ரெண்டாவது ஞாயிறா? மூணு இருபதுக்கா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரோஸ்கோ போனை வைத்துவிட்டார். பதில் சொல்லாமல் வைத்தது ஈனத்தனம் என்று அவருக்கே தெரியும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து பெரிய குரலில் அழுதார். அன்றைக்கு அடி எதுவும் வர வேண்டிய நாள் இல்லை என்பதால் வெர்லீன் பதறிப்போனாள்.

ஸ்லிவ்கா ஒஹாயோவின் தென்கிழக்கு மலைச்சரிவில் தனியாக இருந்தார். எண் கிடைக்கவே வியாழக்கிழமை ஆகிவிட்டது.

"டில்மனா? அந்த டில்மனா? பதினேழு வருஷம் கழிச்சு நலம் விசாரிக்கிறியா?"

"மிலோ, வர்ற ஞாயிறு மூணு மணி வரைக்கும் வீட்டுக்குள்ளயே இரு. தரையில படுத்துக்கோ."

"யோவ், ஞாயிறு மான் வேட்டைக்குக் கடைசி நாள்யா. இந்த வருஷம் இன்னும் ஒண்ணுகூட விழல. நான் மரத்து மேலதான் இருப்பேன். என்னப் படுக்க வைக்கறதுதான் உனக்கு எப்பவும் வேலையா?"

தலைமைப் பயிற்சியாளர் கேரிட்டியிடம் விடுப்புக் கேட்டபோது அவர் கத்தக்கூட இல்லை. "ஞாயிறு நீ மைதானத்துல இல்லன்னா, திங்கள் வராத" என்று சொல்லிவிட்டு நாடாவை ஓட்டினார்.

ஞாயிறு மதியம் இரண்டரைக்கு ரோஸ்கோ அந்த மரத்தைக் கண்டுபிடித்தார். இருபதடி உயரத்தில் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்காரும் அளவுக்கு ஒரு பரண். அதில் ஆரஞ்சுச் சட்டையில், மடியில் துப்பாக்கியோடு ஸ்லிவ்கா. இறங்கச் சொல்லிக் கெஞ்சினார். "கத்தித் தொலைக்காத, மான் ஓடிடும்" என்று மேலிருந்து சீறல் வந்தது. நாற்பத்து நாலு வயதில், இரண்டு முழங்காலும் போன மனிதர், காரை இழுக்கும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார். பாதியில் ஒரு முறை வழுக்கி, மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். மேலே இருப்பவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், கை கொடுத்தார்.

கயிற்றை இருவர் இடுப்பையும் சேர்த்து அடிமரத்தில் கட்டினார் ரோஸ்கோ. கிராடக்கைப் பற்றிச் சொன்னார். கேட்டு முடித்த ஸ்லிவ்கா துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

"இடது. நீ அன்னிக்குப் பாக்கல."

"நீ எதுக்குய்யா இடது பக்கம் உக்காந்திருக்க?"

இரண்டு ஐம்பதுக்குப் புதரை விலக்கிக்கொண்டு பெரிய கொம்புள்ள கலைமான் ஒன்று வந்து நேர் கீழே நின்றது. ஸ்லிவ்கா அதைப் பார்த்தார், கையிலிருந்த வெறுந்துப்பாக்கியைப் பார்த்தார், ரோஸ்கோவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டி முடிப்பதற்குள் வந்துவிட்டது.

முதலில் ரோஸ்கோவைத்தான் இடித்தது. நாலு வருடமாக எத்தனையோ பேருடைய தலையையும் தோளையும் வாங்கியவர், இந்தத் தோளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இருபத்தேழு வயது, களிம்பு வாடை, ஆட்டத்துக்கு முன் மெல்லும் இலவங்கப்பட்டை மிட்டாயின் மணம். அது அவரேதான். எலும்பு முறிந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தத் தோள் வந்த வேகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பார்க்காதவனை இடிக்கப்போகிற சந்தோஷம். பதிவில் அது தெரியாது, வாங்கினால்தான் தெரியும். அவருக்கு அவமானமாக இருந்தது. பரண் உடைந்தது. இரண்டு பேரும் ஒரே கயிற்றில், அடிமரத்தை ஒட்டிச் சறுக்கிப் பத்தடி உயரத்தில் தொங்கினார்கள். மான் அண்ணாந்து பார்த்துவிட்டு மேயப் போனது.

"இதுல பாதிதான எனக்கு வந்துச்சு?" என்றார் ஸ்லிவ்கா, மூச்சு வந்ததும்.

"பாதிகூட இல்ல. மிலோ, அன்னிக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. மன்னிச்சுடு."

ஸ்லிவ்கா தரை எவ்வளவு தூரம் என்று குனிந்து பார்த்தார். பிறகு, "பத்து வருஷம் என்னக் காட்டிக் காட்டிச் சிரிச்சீங்களாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். கீழே விழும்போது ரோஸ்கோவின் தலை மரத்தில் படாதபடி கையால் பிடித்துக்கொண்டார்.

நாலு விலா எலும்புகளோடு வேலையும் போயிற்று. வெர்லீன் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, பழைய நாடாக்களை அவளே உட்கார்ந்து பார்த்தாள். முதலில் கிராடக்கின் மனைவியிடம் ரோஸ்கோவைக் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் தன் கணவர் குடித்திருக்கவில்லை என்று மறுவாரம் தேவாலயத்தில் எழுந்து நின்று சொன்னாளாம். ரோஸ்கோ கொடுத்த அடி இனி வந்து சேர வேண்டியவர்கள் பதினான்கு பேர். அடுத்தவர் நெப்ராஸ்காவில் தானியக் களஞ்சியம் வைத்திருப்பவர், செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு. வெர்லீன் ஆகஸ்டிலேயே அவர் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அன்னிக்கு ரெண்டு நாப்பதுக்கு உங்க வீட்டுக்காரர உயரமா எதுலயும் ஏற விடாதீங்கம்மா. எங்க வீட்டுக்காரர் காலையிலயே வந்துருவாரு. அவருக்கு இடது பக்கத்துல உக்கார எடம் வேணும்."

மறுமுனையில் இருந்த பெண், அவர் மாட்டுக்கறி சாப்பிடுவாரா என்று கேட்டாள்.