அக்காவின் மூன்றாவது மாடி

பெயிண்டர் இப்போது இல்லை. ஆனாலும் அந்த வருடத்தை நினைத்தால் அவர் மனைவிக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

ஒன்பது மாதமாக அவர் தன் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா இடுப்பு எலும்பு முறிந்து மூன்றாவது மாடியில் கிடந்தாள். லிஃப்ட் கிடையாது. அவளால் இறங்க முடியாது, இவரால் ஏற முடியாது. வருடக்கணக்காக வண்டிகளுக்கு பெயிண்ட் அடித்ததும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. ஊதிப் பார்க்கும் சோதனையில் மிஞ்சியது முப்பத்திரண்டு சதவீதம்.

அக்காவிடம் இந்தக் கணக்கு எடுபடவில்லை. அவள் மாடியிலேயே எதிர்வீட்டில் இருந்த பேக்கரிக்காரருக்கும் அதே வியாதி, அதே முப்பத்திரண்டு. அவரோ தொந்தியும் சிரிப்புமாக தினம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு முடியுது, உனக்கு மட்டும் என்னடா?" என்று போனில் கத்தினாள் அக்கா. "வர மனசில்லேன்னு சொல்லு. மேல வந்து பேசு, இல்லேன்னா பேசவே பேசாத." வைத்துவிட்டாள். அப்புறம் இவர் கூப்பிட்டால் எடுக்கவேயில்லை.

சோறு இறங்கவில்லை அவருக்கு. "நிஜமாவே நான் சோம்பேறிதானோ?" என்று மனைவியிடம் கேட்டார். அவளுக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்ததுண்டு. அதனால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரியின் மூச்சுப் பயிற்சி வகுப்பில்தான் விஷயம் உடைந்தது. பேக்கரிக்காரரும் அங்கேதான் வருவார். சொல்லித்தரும் பெண்ணை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அன்று இருவரையும் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, விரலில் ஆக்சிஜன் அளக்கும் மெஷினை மாட்டினாள். ஒல்லிப் பெயிண்டர் இரைத்து இரைத்து நாற்காலியில் விழுந்தார்; மெஷின் தொண்ணூற்று நாலு காட்டியது. பேக்கரிக்காரர் பேசிக்கொண்டே வந்தார், எண்பத்தாறு.

"மெஷின் மாறிப் போச்சா?" என்றார் பேக்கரிக்காரர்.

"மாறல. உங்களுக்கு ஆக்சிஜன் இறங்கினாலும் மூச்சு வாங்குறதே தெரியல. அதான் சிரிச்சுட்டே ஏறுறீங்க, கால் மட்டும் வீங்குது. இவருக்கு உள்ள போன காத்து வெளிய வர மாட்டேங்குது. பழசு காலி பண்ணாத வீட்டுல புதுசு எப்படிக் குடிவரும்?"

"அப்ப பெரிய நோயாளி யாரு?"

"ரெண்டு பேரும்தான். வேற வேற மாதிரி."

பெயிண்டர், கூட வந்திருந்த மனைவியைப் பார்த்த பார்வையில் இத்தனை மாதக் குற்ற உணர்ச்சி கரைந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு, மெதுவா, நீளமா விடணும்" என்றாள் டீச்சர்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது வருஷமா வீட்டுக்குள்ள விசிலடிக்காதீங்கன்னு தொண்டை வத்தக் கத்தியிருக்கேன். நீங்க அதையே மருந்துங்கறீங்களே!"

ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு ஒரு காலையில் கிளம்பினார்கள். ஐம்பத்துநாலு படி. ஒரு ஊதலுக்கு இரண்டு படி. மடக்கு ஸ்டூலோடு மனைவி பின்னால். துணைக்கு பேக்கரிக்காரர், விரலில் மெஷினோடு. திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டூலுக்குச் சண்டை.

"எழுந்திரு பேக்கரி, எனக்கு மூச்சு வாங்குது."

"எனக்கு வாங்கல. ஆனா மெஷின் உக்காருன்னு சொல்லுதே பெயிண்டரே!"

"ஏங்க, பேசாம ஊதுங்க. அண்ணே, நீங்களும் வாயை மூடுங்க" என்று இருவரையும் அதட்டினாள் அவள்.

நாற்பது நிமிடம். கடைசித் திருப்பத்தில், ஊதிய காற்று அவரை அறியாமலே விசிலாக வந்தது. வண்டிக்கு பெயிண்ட் அடிக்கும்போது வரும் அதே பழைய மெட்டு.

உள்ளேயிருந்து குரல் பாய்ந்தது. "எவன்டா அது, வாசல்ல நின்னு விசிலடிக்கிறது? உதட்டுல சூடு வைப்பேன்!"

மெட்டு தொடர்ந்தது. பிறகு அக்காவின் வாக்கர் தரையில் டக், டக் என்று வேகமாக வந்தது. கதவு திறந்தது.

"மூணு மாடி ஏற ஒன்பது மாசமாடா?"

ஸ்டூலில் இருந்தபடியே தம்பி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினார். திட்டுவதற்குத் திறந்த வாயோடு அக்கா அவரையே பார்த்து நின்றாள். பார்க்கப் பார்க்க, அவள் உதடும் அவரோடு சேர்ந்து குவிந்தது.