தண்ணி காட்டாத காலை

காலை ஐந்தரைக்கே கொள்கலன் லொறி வந்து நின்றுவிட்டது. கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலயில் பனி விலகாத நேரம். நாங்கள் எட்டுப் பேர் வரிசையாக நின்று மூட்டை இறக்கினோம். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. இரும்புக் கொக்கியால் குத்தி இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு களஞ்சியத்துக்கு ஓட வேண்டும். கொக்கி குத்திய ஓட்டை வழியே வெள்ளை மணிகள் கொட்டிக்கொண்டே வரும். சட்டைக்குள் போகும், சப்பாத்துக்குள் போகும், சிமெந்துத் தரையில் உருண்டு காலை வாரிவிடும். கொக்கி வேண்டாம், தள்ளுவண்டி வாங்கித் தாருங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறோம். கொக்கிதான் வேகம் என்பது எங்கள் முதலாளி சண்முகநாதனின் ஞானம்.

அந்த மணிகளை உருக்கித்தான் பிளாஸ்டிக் பை ஊதுகிறோம். சாக்கில் எங்கள் கொம்பனிப் பெயரோடு அதற்கு நீளமான பெயர் ஒன்று அச்சடித்திருக்கும். எங்களுக்கு அது சவ்வரிசி. நோன்பு மாதத்தில் இதைக் கஞ்சியில் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று பை ஒட்டும் பகுதியில் வேலை செய்யும் றலியா கேலி செய்வாள். நான் ஸிபான், உருக்கும் இயந்திரத்தில் நிற்பவன். நானும் சிரித்தவன்தான்.

சிந்திய சவ்வரிசி வடிவம்மாவின் பொறுப்பு. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், பதினொரு வருடமாக இங்கே கூட்டிக் கழுவுகிறாள். இறப்பர் குழாயைத் திறந்து முற்றத்தின் ஒரு முனையிலிருந்து தள்ளிக்கொண்டு போவாள். சவ்வரிசி மிதந்து, சில நேரம் கிழிந்த சாக்கோடு, மதிலோர வடிகாலான கானுக்குள் விழும். கானிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து மகாவலி ஆற்றுக்கு. யாராவது பரிசோதிக்க வருகிறார்கள் என்றால் முதலாளி மாடியிலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்வார்: "தண்ணி காட்டுங்க!" அரை மணி நேரத்தில் முற்றம் பளபளக்கும். தண்ணி காட்டுவது என்றால் ஏமாற்றுவது என்றும் அர்த்தம் உண்டே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று ஆறு மணிக்கு வேலை மாறும் நேரத்தில் கேற்றடியில் சத்தம் கேட்டது. றலியாவோடு அவளது தங்கையின் கணவன் ஹுஸைன் வந்திருந்தான். கிழக்குக் கடற்கரை மூதூரில் தோணி வைத்திருக்கும் மீனவன். முந்தின நாள் பஸ் ஏறி வந்து மடவளையில் அவள் வீட்டில் தங்கியிருக்கிறான். கையில் ஒரு ஐஸ் பெட்டி. எங்களைக் கண்டதும் ஸலாம்கூடச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு பாரை மீனை எடுத்துத் தரையில் போட்டு, கத்தியால் வயிற்றைக் கிழித்தான். குடலோடு சவ்வரிசி கொட்டியது.

"இது என்னெண்டு தெரியுதா? ஒங்கட கொம்பனிப் பேர் போட்ட சாக்கு எங்கட கரையில கிடக்கு. நீங்கெல்லாம் மனிசரா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாயப் பாத்துப் பேசுங்க. நாங்க கழுவி விடுறது ஆத்துக்கு. கடலுக்கில்ல. மகாவலிதான் விக்டோரியா அணையோட நின்டுருதே!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் அந்த அணையைப் பார்க்கப் போயிருந்தோம். அத்தனை பெரிய மதிலுக்கு முன்னால் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. அத்தோடு ஆறு முடிந்தது என்று மனதில் பதிந்துவிட்டது. கண்டியில் இருப்பவர்களுக்குக் கடல் ஒரு பஸ் பயணம். நம் வீட்டுத் தண்ணீர் அங்கே போகும் என்று யார் நினைக்கிறார்கள்?

ஹுஸைன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அணைக்குக் கதவு இரிக்கா இல்லியா? போன புயல் மழைக்கு எல்லாக் கதவையும் திறந்து விட்டாங்களே, அந்தத் தண்ணி எங்க போச்சு? எங்கட வாசலுக்குத்தான். வருசக்கணக்கா நீங்க அணைக்குள்ள சேத்து வச்சதெல்லாம் ஒரே கிழமையில வந்து சேந்திச்சு."

றலியா அவன் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, ஹுஸைன்."

"எப்படி ராத்தா மெதுவாச் சொல்ற? ரெண்டு வருசமாக் கடல் சுடுது. பவள முருகைக்கல்லெல்லாம் வெளுத்து எலும்பாக் கிடக்கு. அதுக்குள்ள ஒதுங்கின மீன் எங்க போச்செண்டே தெரியா. வெள்ளத்துச் சேறு கடற்புல்ல மூடிட்டு, ஆமை மேய எடமில்ல. அதெல்லாம் அல்லாஹ்ட சோதனையெண்டு பொறுத்தம். இப்ப வலைய இழுத்தா இதுதான் வருது. மீன் இத முட்டையெண்டு நினைச்சி முழுங்குது. வயிறு நிறைஞ்சி பட்டினியாச் சாகுது. இதுக்கு யாருக்கிட்டப் போய் துஆக் கேக்க?"

நாங்கள் அதைச் சவ்வரிசி என்றோம், மீன் முட்டை என்று நினைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே பிழைதான், ஆனால் செத்தது மீன். வடிவம்மா அந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு மணிக்கு முதலாளியின் வாகனம் வந்தது. மூதூர்க்காரர்கள் அந்தச் சாக்கோடு முறைப்பாடு செய்திருக்கிறார்கள், ஒன்பது மணிக்குச் சுற்றாடல் அதிகாரிகள் வருகிறார்கள். இரவு வேலைக்காரர் உட்பட எங்கள் எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டு, ஒரு கடதாசியை வடிவம்மாவிடம் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து வைங்க. சும்மா ஒரு இதுக்குத்தான்."

கடதாசி சிங்களத்தில் இருந்தது. அவள் அதை என்னிடம் தந்தாள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்: "நிருவாகத்தின் உத்தரவை மீறி, என் சோம்பலினால், யாருக்கும் தெரியாமல் மணிகளைக் கானில் கழுவி விட்டது நானே."

"யாருக்கும் தெரியாமலா?" வடிவம்மா மாடியை நோக்கிக் கையை நீட்டினாள். "பதினொரு வருசமா மாடியில நின்னு தண்ணி காட்டு, தண்ணி காட்டுன்னு கத்துனது யாருங்க?"

"அம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எச்சரிச்சு விட்டுருவாங்க. வக்கீல் நான் வச்சுத் தாறேன்."

"வேல?" என்று கேட்டாள் றலியா.

"கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்."

"அப்ப கை கழுவுறீங்க. முத்தத்தக் கழுவின மாதிரி."

வடிவம்மா கடதாசியை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள். "என் மக நிஷாந்தி பேராதனை ஆஸ்பத்திரியில வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. பொலிஸ் ரிப்போட் கேப்பாங்க. அம்மா மேல கேஸ் இருக்குன்னா அந்தப் புள்ளைக்கு யாரு வேலை குடுப்பா?"

முதலாளியின் முகம் மாறியது. "வச்சா ஒருத்தருக்கு வேலை போகும். வைக்கலன்னா கேற்றை இழுத்து மூடிட்டு அத்தனை பேரையும் அனுப்புவேன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க. கடல் எங்க இருக்கு, கண்டி எங்க இருக்கு? எவனோ ரெண்டு மீன் செத்துச்சுன்னு ஒப்பாரி வச்சா நான் பெக்டரியை மூடணுமா?"

கேற்றுக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹுஸைன் கத்தினான். "மொதலாளி! ஒங்கட ஊட்டுக் கறிக்கு மீன் எங்க இரிந்து வருது? ஒங்கட தட்டுக்கும் இதுதான் வரும்!"

"அவனை அடிச்சுத் துரத்துங்கடா!" என்று காவலாளியைப் பார்த்துக் கத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒன்பதுக்கு அவங்க வந்துருவாங்க. தண்ணி காட்டுங்க!"

வடிவம்மா குழாயை எடுத்தாள். பதினொரு வருடப் பழக்கம், கை தானாகவே போய்த் திறந்துவிட்டது. தண்ணீர் சீறியது. விடியற்காலையில் எங்கள் தோளிலிருந்து கொட்டிய சவ்வரிசி மிதந்து எழுந்து, கானை நோக்கி நகர ஆரம்பித்தது. இரண்டடி, மூன்றடி. கானின் விளிம்புக்கு வந்தபோது அவள் தண்ணீரை நிறுத்தினாள். குழாயைச் சுருட்டி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"காட்ட மாட்டேங்க," என்றாள்.

"என்னா?"

"தண்ணி காட்ட மாட்டேன். கையெழுத்தும் வைக்க மாட்டேன்."

அந்த இடத்தில் நான் உடனே முன்னுக்குப் போனேன் என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் அசைந்தது றலியா. வெற்றுச் சாக்கு இரண்டைக் கொண்டுவந்து கானின் வாயில் அடைத்துவிட்டு, பக்கத்தில் குந்தினாள். அடுத்து, எங்களோடு வேலை செய்யும், மொத்தம் பத்துத் தமிழ்ச் சொல்கூடத் தெரியாத சிங்களப் பெண் சுனேத்ரா, வடிவம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. என் கொக்கியைக் கொண்டுபோய் முதலாளியின் காலடியில் போட்டேன். மற்றவர்களுடைய கொக்கிகளும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"பேர் எழுதுறேன்! ஒருத்தரையும் விட மாட்டேன்!" முதலாளி பேனாவை எடுத்தார்.

"எழுதுங்க மொதலாளி," என்றேன். "இரவு வேலக்காரங்க, பகல் வேலக்காரங்க எல்லாரட பேரையும் எழுதுங்க. அந்தக் கடதாசியில ஒரு பேருக்குத்தான் எடம் வச்சீக்கிறீங்க, அது பத்தாது. வர்ற ஐயாமாருக்கிட்ட நாங்களே சொல்றோம். கழுவினது எங்கட கை, கழுவச் சொன்னது ஒங்கட வாய். வடிவம்மாக்காவ விடுங்க. கொக்கிய நிப்பாட்டுங்க. கானுக்கு வலை போடுங்க."

வலை என்றதும் கேற்றடியில் ஹுஸைன் நிமிர்ந்தான். காவலாளி அவன் தோளைப் பிடித்திருந்தான், தள்ளவில்லை.

"ஒங்க மேல உள்ள கோவம் இன்னும் போகல்ல," என்றான் ஹுஸைன் எங்களைப் பார்த்து. "போகவும் போகாது. ஆனா வலை நான் கட்டித் தாறன். இந்த மணி தப்பாத கண்ணு எனக்குத் தெரியும்."

காவலாளி முதலாளியை ஒரு தரம் பார்த்தான். பிறகு கேற்றைத் திறந்து அவனை உள்ளே விட்டான்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது. முதலாளி சிரித்த முகத்தோடு முன்னால் ஓடினார். நாளைக்கு எங்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும், அதிகாரிகள் யார் பக்கம் சாய்வார்கள், ஒன்றும் தெரியாது. எங்கள் காலைச் சுற்றிச் சவ்வரிசி வெள்ளையாகக் கிடந்தது. ஒரு மணிகூடக் கானுக்குள் போகவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய பெரியவர் முற்றத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். வடிவம்மா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கய்யா," என்றாள். "இன்னைக்கு நாங்க தண்ணி காட்டல. எல்லாம் அப்படியே கிடக்கு, பாருங்க."