பதினோராவது கையெழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது மெக்சிகோவைப் பற்றிய கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. நண்பர் சிவசங்கரன் ஒரு விளையாட்டு மலர் கொண்டுவருகிறார். மெக்சிகோவில் இரண்டாம் டிவிஷனில் நான்கு வருஷம் ஆடிவிட்டுக் காணாமல் போன ஏதோ ஒரு கால்பந்துக் கிளப்பின் வரலாறு வேண்டும் என்றார். பத்து நாள் கெடு. திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்குப் போவதற்கே இரண்டு முறை யோசிக்கிற ஆள் நான். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாசலில் நின்று புலம்பினேன். பக்கத்து வீட்டு உமாபதி காதில் விழுந்துவிட்டது.

“மெக்சிகோ எதுக்கு சார்? நாலு வருசம் ஆடிட்டு பூட்ட கிளப்பு எங்க ஊர்லயே இருந்திச்சே. நான்தான் செக்ரட்டரி.”

உமாபதி திருப்பதியில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அன்றிலிருந்து தினமும் காலையில் காபி நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறார்.

2

தொடக்கம் ஒன்று: “1956ஆம் ஆண்டு ஒரு மாலை, கங்கம்மாபேட்டைப் பாவடியில் ஒரு பந்து உருண்டு வந்து

(வேண்டாம். பந்து தானாக உருண்டு வராது. எவனோ உதைத்திருக்கிறான்.)

தொடக்கம் இரண்டு: “ஆந்திர மாநிலம் பிறந்து மூன்று ஆண்டுகள் ஆகியும், சித்தூர் ஜில்லாவின் தமிழ்க் கிராமங்கள் எந்தப் பக்கம் சேரும் என்பது தீராத நிலையில்

(பள்ளிக்கூடப் பாடம். சிவசங்கரன் கொட்டாவி விடுவார்.)

தொடக்கம் மூன்று, எரிச்சலில் எழுதியது: கங்கம்மாபேட்டை, நகரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நெசவாளர் ஊர். (வரைபடத்தில் தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது.) தறிக்குப் போகும் நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவதற்கு ஊர் நடுவே ஒரு வெறும் இடம் உண்டு. அதுதான் பாவடி. காலையில் அங்கே பாவு, சாயங்காலம் பந்து. கிளப் தொடங்கியது 1956. சித்தூர் ஜில்லா இரண்டாம் டிவிஷன் லீக்கில் மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டாவது இடம். மூன்று வருஷமும் கடைசி மேட்ச்சில் தோற்றார்கள். மூன்று தடவையும் கேப்டன் தணிகாசலம், கேடயம் பக்கத்து மேசையில் இருக்க, வெறுங்கையோடு பஸ் ஏறினார். நான்காவது வருஷம் 1960. ஏப்ரல் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் கடைசி மேட்ச். டிரா செய்தாலே போதும், கேடயம் அவர்களுக்கு.

ஏப்ரல் ஒன்றாம் தேதி எல்லை மாறியது. கங்கம்மாபேட்டை மதராஸ் மாநிலத்துக்குப் போய்விட்டது.

“அப்புறம் மேட்ச் என்ன ஆனது?” என்று கேட்டேன்.

“மழை சார். கேன்சல் பண்ட்டாங்க.”

ஏப்ரல் மாதம். திருப்பதியில். மழையாம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் வரலாறு எழுத வேண்டும்.

3

எல்லா ஊரும் அப்போது மனு எழுதிக்கொண்டிருந்தது. 1957இல் எல்லை விசாரணைக்காக ஓர் அதிகாரி நகரிக்கு வந்து ஒரு நாள் தங்கினார். கங்கம்மாபேட்டையிலிருந்து நெசவாளர் சங்கம் ஒரு மனு, பஜனைக் கோஷ்டி ஒரு மனு. கிளப் மட்டும் சும்மா இருக்குமா? உமாபதி எழுதினார், கார்பன் வைத்து, இரண்டு பிரதி. “சித்தூர் ஜில்லாவோடு எங்களுக்குப் பேச்சிலோ பழக்கத்திலோ தொழிலிலோ யாதொரு சம்பந்தமும் கிடையாது” என்று ஒரு வாக்கியம். சித்தூர் ஜில்லா லீக்கில் ஆடுகிற கிளப் இதை எழுதியது என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

(நான் நிறுத்திக் கேட்டேன்: “உங்களுக்குத் தோணவே இல்லையா?” “ஊரு வேற, லீக்கு வேற சார்.”)

மனுவின் கடைசித் தாளில் பதினொரு கையெழுத்து. பழக்க தோஷம், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கோல், பேக், ஹாஃப் என்று இடத்தையும் எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? அடுத்த மாதம் லீக் கமிட்டி ஆட்டக்காரர் பட்டியல் கேட்டது. திரும்ப எழுதுவானேன் என்று அந்தக் கடைசித் தாளின் கார்பன் பிரதியை அப்படியே அனுப்பிவிட்டார். தாளின் தலையில் அந்த ‘யாதொரு சம்பந்தமும் கிடையாது’ வரி உட்கார்ந்திருக்கிறது. கமிட்டியில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பெயர்களை மட்டும் கேட்டுத் தெலுங்கில் குறித்துக்கொண்டு ஃபைலில் போட்டார்கள். மூன்று வருஷம் அது அங்கேயே கிடந்தது.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

4

தணிகாசலம் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உமாபதி சொல்வதெல்லாம் கோல்தான்: இடது காலால் அடித்தார், தலையால் அடித்தார். ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். தணிகாசலம் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பஸ் பிடித்துக் கங்கம்மாபேட்டைக்கு அவர் மனைவி பச்சையம்மாளைப் பார்க்கப் போனேன். மெக்சிகோவுக்கே போயிருக்கலாம், அவ்வளவு புழுதி.

“மனுவா? அவரு அதுல கையெழுத்துப் போடலியே” என்றார் பச்சையம்மாள்.

“பதினொரு கையெழுத்து இருந்ததாமே?”

“எப்டி இருக்கும்? அன்னிக்கு பாவு நீட்டிக்கினு இருந்தாங்க. வெயிலு ஏறிட்டா நூலு பூடும், ஒருத்தரும் கைய எடுக்க முடியாது. முழங்கை வரிக்கும் கஞ்சி. உமாபதி வந்து ஓரமா நின்னுக்கினு கேக்கறாரு. மத்தவங்கல்லாம் ‘நீயே போட்டுக்கோடா’ன்னாங்க. இவரு மட்டும் வேணாம்னாரு. ‘லீக்கு சித்தூர்ல இருக்குது, என் பேரச் சேக்காத’ன்னு தெளிவா சொன்னாரு. நான் பக்கத்துல பிரஷ் புடிச்சிக்கினு இருந்தேன்.”

“பிறகு இதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா?”

“இன்னா சொல்வாரு? பந்தாட்டத்தப் பத்தியே பேச மாட்டாரு. பூட்ஸத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டாரு. நல்ல பூட்ஸு.”

5

மறுநாள் காபி டம்ளரை உமாபதி முன்னால் வைத்துவிட்டு நேராகக் கேட்டேன். “பதினோராவது கையெழுத்தை யார் போட்டது?”

அவர் காபியைத் தொடவில்லை.

“பத்துப் பேரோட நின்னுட்டா அது டீம் லிஸ்டா சார்? சென்டர் ஃபார்வர்ட் எடம் காலியா இருந்திச்சி. பாக்கவே ஒரு மாதிரி இருந்திச்சி. போட்டுட்டேன்.”

இதற்காக ஒரு மனிதன் பொய்க் கையெழுத்துப் போடுவானா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். போட்டிருக்கிறாரே!

இனி நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன், மழை இல்லாமல். மேட்ச்சுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம். எதிரணியின் செக்ரட்டரி கோவர்த்தனனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஃபைலைப் புரட்டியவர் அந்த வரியைப் பார்த்துவிட்டார். உடனே ஆட்சேபணை. ஊர் எல்லை தாண்டிப் போனதால் மட்டும் தடை இல்லை, சீசன் தொடங்கும்போது பதிந்தவர்கள் முடியும்வரை ஆடலாம் என்றுதான் விதி. ஆனால் ஜில்லாவோடு சம்பந்தமே இல்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தவர்கள் எப்படி ஆடலாம்?

ஒரு சத்திரத்து அறையில் விசாரணை. கமிட்டித் தலைவர் நாகபூஷணம் தாளை நீட்டினார். மற்ற பத்துப் பேரும் சொல்லித்தான் போடப்பட்டது என்று ஒப்புக்கொண்டாயிற்று. கேப்டன்தான் பாக்கி. அவர் கையெழுத்து பொய் என்றால் கிளப்பின் பேரில் கொடுத்த தாளே செல்லாது, ஆட்சேபணையும் நிற்காது.

“ஏமய்யா கேப்டன், இதி நீ சந்தகமேனா?” உன் கையெழுத்துதானா என்று கேட்டார். “காதண்டே ரேப்பு மேட்ச். எவரு பெட்டாரோ போலீசுலு சூசுகுண்டாரு.” இல்லையென்றால் நாளைக்கு மேட்ச், போட்டது யார் என்று போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

உமாபதி தணிகாசலத்தின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்குக் குமாஸ்தா வேலை கிடைத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

தணிகாசலம் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆமா, என்துதான்” என்றார்.

அவ்வளவுதான். மேட்ச் இல்லை, கேடயம் இல்லை, கிளப்பும் அதோடு கலைந்தது. “ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேக்கல சார். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில உக்காந்து துன்னுட்டுப் போனான்.”

6

முடிவு. இதோ என் தொல்லை.

உண்மையான முடிவை நீங்கள் படித்துவிட்டீர்கள். ஆனால் உமாபதி விடமாட்டேன் என்கிறார். “கதைதானே சார், மாத்தி எழுதுங்க. அவன் ‘இல்ல’ன்னு சொல்லட்டும். போலீசு என்னைக் கூட்டிக்கினு போவட்டும், வேலை பூடட்டும். அவன மட்டும் ஆட வுடுங்க.”

எழுதிப் பார்த்தேன். “தணிகாசலம் நிமிர்ந்து, ‘இது என்னுடையது இல்லை’ என்று

(அடித்துவிட்டேன்.)

“தணிகாசலம் உமாபதியைத் திரும்பிப் பார்த்து, ‘இல்லை’

(அடித்துவிட்டேன். மூன்றாவதையும் அடித்தேன். அப்படிச் சொல்கிற ஆள் வேறு யாரோ. பத்து நாள் தணிகாசலம் என்ற பாத்திரத்தோடு குடித்தனம் செய்ததில் இது எனக்குத் தெரிகிறது.)

இதை உமாபதியிடம் சொன்னபோது எனக்குக் கோபம்தான் இருந்தது. “அவர் சொல்ல மாட்டார். உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நான் என்ன செய்யட்டும்?” என்று கத்தினேன்.

நான் அடித்த மூன்று வரிகளையும் அவர் வாங்கிப் படித்துப் பார்த்தார். பிறகு, “அப்ப அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்ன நானே சொல்லிட்டேன்னு எழுதுங்க சார். அன்னிக்கு எனக்கு வாய் வரல” என்றார்.

என்னால் முடியவில்லை. அதை நான் எழுதினால் அவருக்காக இன்னொரு பொய்க் கையெழுத்து நான் போட்டதாகும். சிவசங்கரனின் கெடு இன்று மாலையோடு முடிகிறது. ஆகவே நாகபூஷணம் கேள்வி கேட்ட இடத்திலேயே அறையை நிறுத்தி வைத்திருக்கிறேன். தாள் நீட்டியபடி இருக்கிறது. உமாபதிக்கு வயது இருபத்தைந்து. கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன், “நான்தான் போட்டேன்” என்று அவர் சொல்வதற்கு.

. . . . . . . . . . . . . . . . . . . .

அவரைச் சொல்ல வைப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். சீக்கிரம் செய்யுங்கள். தணிகாசலம் தாளைப் பார்த்து முடித்துவிட்டார்.