கன்னி மூலை அலுமாரி

மோட்டார் வானில் குடிபூர்ந்த அன்றைக்கே நிறைகுடத்துத் தேங்காய் உருண்டுவந்து யோகலிங்கத்தின் பிடரியில் இடித்தது.

புது வீட்டுக்குச் செய்வதெல்லாம் வானுக்கும் செய்யவேண்டும் என்று அவன் மனைவி கமலாசனியின் தகப்பன் வீரகத்தியர் ஒற்றைக்காலில் நின்றார். உள்ளே பால் காய்ச்சினார்கள். சாரதி ஆசனத்துக்குப் பின்னாலிருந்த தட்டில் நெல் பரப்பி, குடம் வைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். “ஒருக்கா ஓடிக் காட்டும் தம்பி” என்று மாமனார் மருமகனைக் கேட்டதுதான் வினையாய்ப் போயிற்று. உடையார்கட்டுச் சந்தியைத் தாண்டவில்லை. முதல் வளைவிலேயே குடம் சரிந்தது, தண்ணீர் பாய்ந்தது, தேங்காய் புறப்பட்டது.

“குடம் கவிழ்ந்தது நல்லதில்லை” என்றாள் கமலாசனியின் தாய் பறுவதம்.

“என்ர பிடரி வீங்கினதும் அவ்வளவு நல்லதில்லை மாமி” என்றான் யோகலிங்கம், தடவிக்கொண்டே. கமலாசனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலியாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண் புருஷன் அடிபட்டதற்குச் சிரிக்கலாமா என்று தாய் முறைத்தாள்.

அது வெறும் வான் இல்லை. பழைய லொறியொன்றின் அடிச்சட்டத்தில் மரத்தாலும் தகரத்தாலும் கூடு கட்டி, யன்னல் வைத்து, யாழ்ப்பாணத்துப் பட்டறைக்காரர் தவராசா செய்துகொடுத்த ஓடும் வீடு. யோகலிங்கம் படம் பிடிக்கிறவன். அந்த நாளில் வன்னியில் ஒரு குடும்பப் படம் எடுப்பதென்றால் பிள்ளைகுட்டிகளோடு யாழ்ப்பாணமோ வவுனியாவோ போய்வர வேண்டும். பூநகரியிலிருந்து புறப்பட்டவர்கள் ஸ்ரூடியோ வாசலுக்குப் போய்ச் சேருமுன் போட்ட பவுடரெல்லாம் வியர்வையில் கரைந்துவிடும். ‘அவர்கள் ஏன் வரவேண்டும், நான் போகிறேனே’ என்று யோகலிங்கம் நினைத்தான். அந்த நினைப்புத்தான் நாலு சக்கரத்தில் நின்றது. வானின் பின்பக்கத்து இடது மூலையில் படம் கழுவும் இருட்டறை. மிச்சமெல்லாம் இருவர் வாழும் வீடு.

கமலாசனி அவனைக் கட்டிக்கொண்டதற்கு அந்த வானும் ஒரு காரணம் என்று சொன்னால் அவள் மறுக்கமாட்டாள். காலையில் ஒட்டுசுட்டானில் தேத்தண்ணீர், மாலையில் முல்லைத்தீவுக் கடற்கரை என்று அவன் பெண்பார்க்க வந்த அன்று சொன்னபோது, பலகாரத் தட்டோடு நின்ற அவளுக்குத் தட்டை வைக்கவே மறந்துபோயிற்று.

ஆனால் வீடென்றால் அதற்குச் சாஸ்திரம் உண்டல்லவா? வீரகத்தியர் வானின் முகம் கிழக்குப் பார்க்கும்படி வளவில் நிறுத்தி, தானே நின்று மூலை பார்த்தார். முன்பக்கம் இடது, ஈசான மூலை; அங்கே சாமிப்படங்கள். முன்பக்கம் வலது, அக்கினி மூலை. சாரதிக்குப் பின்னால் அடுப்பும் குசினியும். பின்பக்கம் வலது, கன்னி மூலை. வீட்டில் பாரமான பொருள் எதுவோ அது கன்னி மூலையில்தான் இருக்கவேண்டும். சீதனமாக அவர் கொடுத்த அலுமாரி அங்கே போய் நின்றது. குடியேற்றக் காணியை வெட்டித் துப்புரவாக்கியபோது விழுந்த முதிரை மரத்தில் செய்த அலுமாரி அது. நாலு பேர் பிடித்தால்தான் அசையும். ஆளுயரக் கண்ணாடி, மேலே கொடி செதுக்கிய முடி. கமலாசனி அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டாள்.

வான் மட்டும் பெருமைப்படவில்லை. வலப்பக்கம் இடுப்பு ஒடிந்தவனைப் போல நின்றது. கிறவல் போட்ட மண் றோட்டில் இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கமாகச் சரிந்து, போய்விழுமோ என்று நினைக்கவைத்து, பிறகு மனம் மாறி எழும்பும். அந்த இடைநேரத்தில் கமலாசனியின் குடல் தொண்டைவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். விசுவமடுவுக்குப் போய்வந்த அன்று அவள் வேலிக்கரையில் குந்தியிருந்து வாந்தியெடுத்ததைப் பறுவதம் கண்டாள். நல்ல சேதியோ என்று ஓடிவந்து, இல்லையென்று தெரிந்ததும் ஏமாற்றம் முழுவதையும் வானின் தலையில் போட்டாள்.

வீரகத்தியர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். “தம்பி, வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் இது சரிவரவேணும். சரிவந்தால் பிள்ளை உம்மோடை. இல்லாட்டி அவள் இங்கை, நீர் வான்லை. வான் ஓடேலாத மழைக்காலத்திலை வந்து பாத்திட்டுப் போம்.”

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வன்னி முழுவதும் வரும். யோகலிங்கத்துக்குத் தொழிலின் தொடக்கமே அதுதான். கமலாசனிக்கோ அது தன் வாழ்க்கையின் தொடக்கம். புருஷனை விருந்தாளியாகப் பார்க்க அவள் தாலி கட்டிக்கொள்ளவில்லை.

நல்லவேளையாகத் தவராசா ஒரு வருட உத்தரவாதம் கொடுத்திருந்தார். பாரம் தாங்கும் வில்லு, கூடு, பொருத்து எது பிழைத்தாலும் இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொன்னவர். யோகலிங்கம் வானை யாழ்ப்பாணம் கொண்டுபோனான். தவராசா வலப்பக்கத்துப் பின்வில்லை மாற்றினார். ஓட்டிப் பார்த்தார்கள், தொட்டில் போல ஓடியது. உடையார்கட்டுக்கு வந்து இரண்டாம் நாள் பழையபடி இடுப்பு ஒடிந்தது. மறுபடி கொண்டுபோனான். “மழைத்தண்ணி குடிச்ச வில்லோ என்னவோ” என்று சொல்லிக்கொண்டு தவராசா வில்லுக்கு மேலதிகமாக ஒரு இரும்புத் தட்டும் வைத்துக் கட்டினார். மறுபடியும் தொட்டில், மறுபடியும் இடுப்பு.

“அண்ணை, எங்கடை ஊரிலை மட்டும்தான் பிழைக்குது” என்று யோகலிங்கம் சொல்ல, தவராசா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். “அப்ப பிழை என்ர வான்லை இல்லைத் தம்பி, உங்கடை ஊரிலை.”

கடைசியில் அவரே பஸ் ஏறி வந்து இறங்கினார். சின்ன உருவம், பெரிய மீசை. சோடா குடித்து முடிய, “எங்கை, நீங்கள் ஓடுற மாதிரியே ஓடிக் காட்டுங்கோ” என்றார். யோகலிங்கம் சாரதி ஆசனத்தில், வீரகத்தியர் பக்கத்தில், கமலாசனியும் தவராசாவும் பின்னால். புதுக்குடியிருப்பு வரைக்கும் போய்த் திரும்புவதென்று ஏற்பாடு.

போகும்போது தவராசா மீசையைத் தடவியபடி அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது மதகடி வளைவில் வான் சரிந்தது. அலுமாரிக் கதவு படாரென்று திறந்தது. மடித்து வைத்திருந்த கூறைச்சேலை பறந்து வந்து அவர் தலையை முக்காடாக மூடியது. வான் உடையார்கட்டில் வீட்டு வேலிப் படலைக்கு முன்னால், வந்த முகமாகவே மேற்குப் பார்த்து நின்றபோது, தவராசா சேலையை விலக்கிக்கொண்டு மணப்பெண் போல இறங்கினார். கோபத்தில் இருந்தார்.

“தம்பி, பட்டறைக்கு வரேக்கை இந்த மலை எங்கை இருந்தது?”

“வீட்டிலை இறக்கி வைச்சிட்டு வந்தனான் அண்ணை.”

“ஏன்?”

யோகலிங்கம் மாமியைப் பார்த்தான். படலையில் நின்ற பறுவதம் வெட்கமில்லாமல் சொன்னாள். “பிள்ளையின்ர சேலை சட்டையோடை அலுமாரியைக் கண்ட கண்ட பெடியள் நிக்கிற பட்டறைக்கு அனுப்புறதோ? நான்தான் இறக்கச் சொன்னனான்.”

“நல்லாயிருக்கு! வருத்தத்தை வீட்டிலை வைச்சிட்டு ஆளை மட்டும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறியள்!” தவராசா கையை உதறினார். “நான் உத்தரவாதம் குடுத்தது வானுக்கு. இந்த முதிரைக் காட்டுக்கில்லை. இதை எடுங்கோ. எடுக்காட்டி இனி ஒரு ஆணியும் மாத்தித் தரமாட்டன்.”

வீரகத்தியருக்கு முகம் சிவந்தது. “ஓய், அது என்ர மகளுக்கு நான் குடுத்தது. அது கன்னி மூலையிலைதான் நிக்கும். வான் சரியெண்டால் அலுமாரி என்ன செய்யும்? உம்மடை வில்லுத்தான் பிழை.”

“என்ர வில்லு பிழையெண்டால் யாழ்ப்பாணத்திலை ஏன் ஓடினது?”

“அங்கை றோட்டு நல்லம்!”

இருவருக்கும் நடுவில் நின்ற யோகலிங்கம் தலை குனிந்தான். மாமனார் கொடுத்ததைத் தூக்கி இறக்கச் சொல்லும் துணிவு அவனுக்கு இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றடியில் கமலாசனியிடம் வந்து மெதுவாகச் சொன்னான். “இஞ்சேரும், பொங்கலுக்கு நான் மட்டும் போயிட்டு வாறன். அலுமாரி இங்கை நிக்கட்டும். நீரும்…”

“நானும் அலுமாரியும் ஒண்டோ?” என்றாள் அவள். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு இது நேரமில்லை என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

முற்றத்தில் வீரகத்தியர் கோபத்தை நெல்மூட்டைகளில் தீர்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு அரிசியாக்க மில்லுக்குப் போகவேண்டிய மூட்டைகளை மாட்டு வண்டிலில் ஏற்றினார். ஒன்றை இடப்பக்கம் வைத்தார், ஒன்றை வலப்பக்கம் வைத்தார். நுகத்தைத் தூக்கிப் பார்த்தார். “பின்பாரம்” என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு மூட்டையை முன்னுக்கு இழுத்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார். கமலாசனி ஈரமுகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறந்த நாளிலிருந்து பார்ப்பதுதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“அப்பா, எல்லா மூட்டையையும் பின்னுக்கு வலப்பக்கமாய் அடுக்கினால் என்ன?”

“உனக்கென்ன விசரோ பிள்ளை? வண்டில் குடைசாயும். மாட்டின்ர கழுத்தைத் தூக்கிப்போடும்.”

“பாரத்தை எங்கை வைக்கவேணும்?”

“நடுவிலை. அச்சுக்குக் கொஞ்சம் முன்னாலை. ரெண்டு பக்கமும் சமனாய். இதென்ன புதுக் கேள்வி?”

“அப்ப வான் வண்டிலோ, வீடோ?”

வீரகத்தியர் மூட்டையில் வைத்த கையை எடுக்கவில்லை. “வீடு” என்றார். குரலில் உறுதி கொஞ்சம் குறைந்திருந்தது.

“சரி, வீடு. வாங்கோ ஒருக்கா.” கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படலைக்குக் கூட்டிப்போனாள். வான் மேற்குப் பார்த்து நின்றது. “நீங்கள் சாஸ்திரம் பாக்கேக்கை கிழக்குப் பாத்து நிண்டது. இப்ப மேற்குப் பாத்து நிக்குது. இப்ப சொல்லுங்கோ, அலுமாரி எந்த மூலையிலை நிக்குது?”

அவர் சூரியனைப் பார்த்தார். வானைப் பார்த்தார். விரலால் காற்றில் ஒரு சதுரம் கீறினார். முகம் வெளிறியது. “முருகா… ஈசான மூலை!”

“ஓமப்பா. புதுக்குடியிருப்பாலை வீட்டை திரும்பி வரேக்கையெல்லாம், பாரமே வைக்கக்கூடாத மூலையிலை மலையை வைச்சுக்கொண்டு வாறம். ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால் வேறை மூலை. ஒவ்வொரு வளைவிலையும் இறக்கி ஏத்தவோ?”

பின்னால் வந்து நின்ற தவராசா மீசைக்குள் சிரித்தார். வீரகத்தியர் அவரை முறைத்தார். முறைத்ததில் பழைய சூடு இல்லை. அவர் வானுக்குள் ஏறினார், இறங்கினார், சக்கரத்தைப் பார்த்தார், பின் அச்சு இருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். இந்த முறை பார்த்தது வண்டில்காரனின் கண்.

“நிமித்தி வைச்சால் எங்கை வைச்சாலும் ஆடும்” என்றார் கடைசியில், தானே கண்டுபிடித்தவரைப் போல. “தலைப்பாரம். படுக்கப் போடவேணும். அச்சுக்கு முன்னாலை, குறுக்காலை. ரெண்டு பக்கமும் சமனாய் வரும்.”

“அலுமாரியைப் படுக்கப் போடுறதோ?” என்று பதறினாள் பறுவதம்.

“படுத்தால் அது அலுமாரி இல்லையடி, பெட்டகம். கதவு மேலாலை திறக்கும். மேலை பாயை விரிச்சால் படுக்கை. உன்ர வீட்டுப் பெட்டகத்திலை நீ படுக்கேல்லையோ?”

நாலு பேர் பிடித்து அலுமாரியைச் சாய்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் மாட்டினார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ளலாம் என்றாள் கமலாசனி. தவராசா தான் வில்லில் வைத்த மேலதிகத் தட்டைக் கழற்றினார். வான் இடுப்பை நிமிர்த்தி நின்றது. ஓட்டிப் பார்த்தார்கள். மதகடி வளைவில் சரியவில்லை. வீரகத்தியர் தவராசாவைப் பார்த்துத் தலையாட்டினார். தவராசாவும் பெரிய மனது பண்ணித் தலையாட்டினார். இருவரும் சமாதானமாகிவிடப் போகிற நேரத்தில் கமலாசனி குறுக்கிட்டாள்.

“தவராசா அண்ணை, ஒரு பள்ளத்துக்கு ஒருக்காக் குதிச்சால் காணும்தானே? இது ஏன் தவளை மாதிரி அஞ்சாறு தரம் குதிக்குது?”

“கிறவல் றோட்டெண்டால் அப்பிடித்தான் தங்கச்சி.”

“உங்களைக் குற்றம் சொல்லேல்லை. பாக்கத்தான் சொல்லுறன்.”

தவராசா வேட்டியை மடித்துக்கொண்டு அடியில் புகுந்தார். வெளியே வரும்போது விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது, மீசை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. வில்லின் துள்ளலை அமத்திப்பிடிக்கும் ‘சொக்’ இரண்டும் எண்ணெய் ஒழுகிச் செத்திருந்தன. பழைய லொறியில் கிடந்ததைத் துடைத்துப் பூட்டியதாக ஒப்புக்கொண்டார்.

“அப்ப?” என்றார் வீரகத்தியர், கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த சந்தோஷத்தோடு.

“அப்ப என்ன, அது என்ர உத்தரவாதம். புதுசு கொண்டுவந்து பூட்டித் தாறன்.” யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “தம்பி, உம்மடை மனுசிக்கு என்ர பட்டறையிலை ஒரு கதிரை போட்டு வைக்கிறன்.”

“மன்னிக்கோணும் அண்ணை” என்றான் யோகலிங்கம். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் குரல் நிமிர்ந்திருந்தது. “அவா என்னோடை பொங்கலுக்கு வாறா.”

சொன்னபடியே புதுச் சொக் வந்து பூட்டப்பட்டது. பொங்கலுக்கு முதல்நாள் காலையில் வீரகத்தியர் தானே நிறைகுடத்தைத் தூக்கி வந்து பழைய தட்டில் வைத்தார். யோகலிங்கம் பிடரியைத் தடவிக்கொண்டு ஏறினான். சந்திவரை போய்த் திரும்பி வந்தார்கள். தேங்காய் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியது. இடம் விட்டு அசையவில்லை. மாவிலையில் இருந்த துளி புறப்படுமுன் பறுவதம் தெளித்ததா, வான் ஆட்டிச் சிந்தியதா என்று சொல்ல முடியாது.

பறுவதம் அம்மிக்கல்லை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “இதை எங்கை வைக்கிறது? சாஸ்திரப்படி—”

“இடப்பக்கம்” என்றார் வீரகத்தியர். “வலப்பக்கம் குசினி, மருமகன், எல்லாம் பாரம். இடப்பக்கம் வை. கீழை வை.” பிறகு வானின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தார், நுகத்தைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

கமலாசனி முன்னால் ஏறி, சாமிப்படங்களுக்குக் கீழே, புருஷனுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது ஈசான மூலை” என்றான் யோகலிங்கம், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. “பாரம் வைக்கக்கூடாதாம்.”

“வற்றாப்பளைப் பக்கம் ஒருக்காத் திரும்புங்கோ, மூலை மாறீடும்” என்றாள் அவள். “வலப்பக்கம் நீங்கள், இடப்பக்கம் நான். இல்லாட்டி வான் சரியும்.”

அவன் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான். படலையில் நின்ற தாய்க்குக் கை காட்ட அவள் யன்னலால் எட்டினாள். புழுதிக்குள் தகப்பனின் குரல் கேட்டது. “பிள்ளை, உள்ளை இரு, பாரம் மாறுது!”