நடுங்காத போரிங் பார்

ஈக்காட்டுத்தாங்கலில் சுந்தரவல்லி தன் லேத்தில் போரிங் பாரை இரும்புக்குள் விட்டால் பார் நடுங்காது, பக்கத்து ஒன்பது மாடிக் கட்டடம் நடுங்கும். போன ஆடியில் தொடங்கியது இது. போரிங் பார் என்றால் பெரிய விஷயமில்லை, துளையின் உள்பக்கத்தைக் கடைந்து அகலமாக்கும் தடித்த கம்பி. அதன் நுனியில் நகத்தளவுக்கு ஒரு வெட்டுத்துண்டைத் திருகி வைத்திருப்பார்கள், அதற்கு டிப் என்று பெயர். கம்பி அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் துளைக்குள் வெடவெடவென்று ஆடும், காதைப் பிடுங்குகிற மாதிரி கத்தும், கடைந்த இடம் வரிவரியாக நாசமாகும். எல்லா ஊர் லேத்திலும் அப்படித்தான். இவளுடைய ஷெட்டில் மட்டும் ஜாப், அதாவது கடைந்த உருப்படி, கண்ணாடி மாதிரி வந்தது. ஆட்டமும் கத்தலும் சுவரைத் தாண்டிப் போய், எட்டாவது மாடியில் பரத்வாஜ் வீட்டுக் காபி டம்ளரை மேஜையிலிருந்து தள்ளிவிட்டன.

சுந்தரவல்லி லேசுப்பட்டவள் இல்லை. தி.நகரில் அவள் அண்ணன்மாருக்குப் பாத்திரக்கடை. கல்லாவில் உட்கார், ஃபேன் காற்று வரும், வேறு என்ன வேண்டும் என்றார்கள். யாரோ கடைந்ததை விற்பதற்கு நான் ஏன் என்று கேட்டுவிட்டு, பக்கத்து மனையில் எருக்கஞ்செடி மட்டும் நின்ற காலத்தில் இந்த ஷெட்டைப் பிடித்தாள். பம்புகளுக்கு வேண்டிய புஷ் என்கிற நீள நீளமான இரும்புக் குழல்களை உள்ளே கடைந்து கொடுப்பதுதான் தொழில். அதற்குப் பிறகுதான் கட்டடம் வந்தது. ஆறு மாடிக்குத்தான் அனுமதி. மேலே மூன்று எப்படி முளைத்தது என்று தெருவுக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. இப்போது அந்தக் கட்டடம் ஆடுகிறது என்றதும் குற்றம் யார் தலையில் விழும்? அதிகாரி ஒருவர் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஆட்டம் நிற்காவிட்டால் ஷெட்டுக்குச் சீல் என்று சொல்லிப் போனார். அண்ணன்மார் அன்றைக்கே போன் போட்டு, பரவாயில்லை வல்லி, கல்லா காலியாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, தன் பக்கம் குறை இருந்தால் தீர்த்துவிடுவோம் என்று அவளும் அவளுடைய ஆபரேட்டர் லாரன்ஸும் இறங்கினார்கள். முதலில் டிப்பைச் சந்தேகப்பட்டார்கள். மூக்கு மழுங்கலாக இருந்ததைக் கழற்றி, கூர்மூக்கு டிப் போட்டார்கள். கட்டடத்தில் சமையலறைப் பாத்திரங்கள் கிலுகிலுப்பதை நிறுத்தின. அடுத்து உயரம். பாரின் அடியில் உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டை முட்டுக் கொடுத்து நுனியை ஒரு மயிரிழை ஏற்றினார்கள். இரண்டு மாடிக்கு நடுவில் விக்கிக்கொண்டு நின்ற லிப்ட் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. சுற்றும் வேகத்தைக் குறைத்தார்கள்; ஜன்னல் கண்ணாடிகள் அமைதியாயின. இதையெல்லாம் தெரு ஒரு வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. லாரன்ஸ் டீ குடிக்க வந்தால், இன்றைக்கு எந்த மாடி நின்றது என்று கேட்பார்கள், அவரும் சொல்வார்.

அப்புறம்தான் பாரைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமுமாக அப்பி, சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா என்று அப்படியே விட்டு, பார் உட்காரும் பள்ளத்தில் அது சிமெண்டுப் பூச்சாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் பார் உட்கார்ந்தால் எந்தக் கட்டடம் அசையாமல் நிற்கும்? லாரன்ஸ் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர், ஆனாலும் கையை எடுத்துவிட்டார். சாமி பொட்டை நான் சுரண்ட மாட்டேன் என்று ஒதுங்கி நின்றார். சுந்தரவல்லியே உளியை எடுத்துச் சுரண்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, கை நிற்கவில்லை. சுரண்டிய தூளை ஒரு தாளில் வாரி அம்மன் படத்தடியில் வைத்தாள். இனிமேல் பொட்டு லேத்தின் மூடிமேல் மட்டும்தான் என்று அம்மனிடமே கறாராகச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலைக்குள் ஆறு மாடிகள் பாறை மாதிரி நின்றுவிட்டன. மேல் மூன்று மட்டும் ஆடின.

மறுநாள் காலையில் பரத்வாஜ் ஷெட்டுக்கு வந்தார். அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர். மயிலாப்பூரில் பூர்வீக வீட்டைக் கொடுத்துவிட்டு எட்டாவது மாடியை வாங்கியவர். அதற்கு அனுமதி இல்லை என்பது குடிவந்த பிறகுதான் அவருக்கே தெரியும். பாவம், அவருக்கும் போக்கிடம் இல்லை. கீழே எல்லாம் நின்றுவிட்டதையும் தங்கள் மூன்று மாடி மட்டும் ஆடுவதையும் சொல்லி, மூன்று நாளாக மனைவி கட்டிலில் படுக்காமல் தரையில் படுக்கிறாள் என்றார்.

லாரன்ஸ்தான் மெதுவாக வாயைத் திறந்தார். “யக்கா, பாரு ரொம்ப நீட்டிக்கினு கீது. கொஞ்சம் உள்ள தள்ளிக்கினா எல்லாம் சரியாப் பூடும்.”

பார் உள்ளே போனால் நுனி புஷ்ஷின் அடிவரை எட்டாது. தடித்த பார் போடலாம் என்றால் துளைக்குள் நுழையாது. இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை வராது. லாரன்ஸுக்கும் இது தெரியும், பயத்தில் சொல்லிவிட்டார்.

“அந்த அளவு நீட்டினாத்தான் துளையோட அடியை எட்டும். ஜாப் கேக்குற அளவுக்கு மேல நான் ஒரு நூல்கூட நீட்டல சார்” என்றாள் சுந்தரவல்லி. பரத்வாஜுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொஞ்சநேரம் தன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

“நீங்க சொல்றது வாஸ்தவம். அளவுக்கு மேல நீட்டிண்டு நிக்கறது நாங்கதான். ஆனா எங்காத்தைத் தூக்கிண்டு நான் எங்கம்மா போவேன்?” என்றார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி பூட்டும் அரக்குமாக வந்தார். மெஷினைத் தொடக்கூடாது என்றார். சுந்தரவல்லி கேட்கவில்லை, புதிய புஷ்ஷை மாட்டி ஆன் செய்தாள். பார் உள்ளே போனது. மேலே மூன்று மாடிகள் ஆடின, ஜனம் பால்கனிக்கு ஓடிவந்தது. அதிகாரி கத்தினார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேத்தை லாரன்ஸிடம் விட்டுவிட்டு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, கட்டடத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நான் குறைக்க மாட்டேன். நீ உள்ள போ.”

கட்டடம் உள்ளே போனது. பாரை டூல் போஸ்டுக்குள் தள்ளுகிற மாதிரிதான், நேராக, அவசரமில்லாமல், மூன்று மாடி அளவு. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் தளும்பவில்லை. இறங்கி நின்றதும் ஆட்டமும் நின்றது. அதிகாரி தரைக்கு மேல் எண்ணிப் பார்த்தார், ஆறு இருந்தது. அனுமதியும் ஆறுதான். சீல் வைக்க எதுவும் இல்லாததால் அரக்கைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன்மார் கல்லாவுக்கு மதுரையிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட தம்பியை வரவழைத்தார்கள்.

நான்காம் மாடி பால்கனிதான் இப்போது வாசல். கார்களை எடுக்கச் சரிவாக ஒரு பாதை வெட்டியிருக்கிறார்கள். மண்ணுக்குள் போன மூன்று மாடிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமலே குளுகுளுவென்று இருந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். பரத்வாஜ் வீட்டில் மெட்ரோ ரயிலின் முதுகு தெரிந்த ஜன்னலில் இப்போது பயணிகளின் முகம் தெரிகிறது. மாமி கட்டிலில் படுக்கிறாள்.

போன வாரம் இன்னும் ஆழமான ஜாப் ஒன்று வந்தது. அதற்கு இன்னும் நீளமான பார் வேண்டியிருந்தது. லாரன்ஸ் அதைத் தோளில் வைத்துத் தெருவழியாகக் கொண்டுவந்தார். அவர் ஷெட்டுக்கு வந்து சேர்வதற்குள், தெருமுனையில் புதிதாகக் கட்டிய பெரிய கட்டடம் தானாகவே இரண்டு மாடி இறங்கிக்கொண்டது. டீக்கடையில் நின்றவர்கள் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு டீயைக் குடித்து முடித்தார்கள். சுந்தரவல்லி அப்போது மெஷினை ஆன்கூடச் செய்யவில்லை.