ஒரே அம்மா, மூன்று படிவம்

வருமான வரி அலுவலகத்துக் கடிதத்தை ஊசிக்காரி மூன்று தடவை படித்தாள். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க ரத்தம் எடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். கோபம் வந்தால் வாயிலும் அதே ஊசிதான்.

விஷயம் இதுதான். அம்மா தன் பராமரிப்பில் இருப்பதாக, அதற்கான வரிச் சலுகை கேட்டு, படிவத்தில் அவளும் எழுதியிருந்தாள், அண்ணனும் எழுதியிருந்தான், தம்பியும் எழுதியிருந்தான். ஒரே அம்மா, மூன்று வீட்டில்! போன வருடம் அம்மா யார் வீட்டில் எத்தனை நாள் இருந்தார் என்று அம்மாவே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அதன்படி திருத்திய படிவமும் பத்து நாளில் வர வேண்டுமாம்.

சலுகைப் பணம் போனால் போகிறது. ஏழு வருடமாக அம்மாவைப் பார்த்துக்கொண்டது யார் என்பது ஒரு காகிதத்திலாவது சரியாக இருக்க வேண்டாமா?

தம்பிக்கு முதலில் போன் போட்டாள். அவன் பஸ் டிரைவர். டிப்போ கேஷியர்தான் எல்லாருக்கும் பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே நிரப்பித் தருவார்.

"ஐயோ அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது! அதுல என்ன இருக்குன்னு நான் படிச்சதே இல்ல. எடுத்துடறேன்."

அண்ணன் அவ்வளவு லேசில் மசிகிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மூத்த பிள்ளை நான். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அம்மா பேரை எழுதறேன். பெத்த தாயை நாள் கணக்குல பங்கு போடறியே, உனக்கே நல்லாருக்கா?"

"நான் போடல அண்ணா. படிவம் கேக்குது."

அம்மா நடுவில் புகுந்தார். "எதுக்குடி வம்பு? ஆளுக்கு நாலு மாசம்னு போட்டுடு. மூணு பேரும் என் பிள்ளைங்கதானே."

"பொய் எழுத மாட்டேம்மா. நான் வாங்கற சம்பளத்துல ஒரு பைசா மறைக்கல. உன்னை மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

அவள் விடவில்லை. டியூட்டி அட்டவணையில் அவள் குறித்து வைத்திருந்த தேதிகளை விரலால் தொட்டு எண்ணினாள். கண் ஆபரேஷனுக்காக அம்மா அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பியது பத்தொன்பது நாள். அதை அவன் கணக்கில் நேர்மையாக எழுதினாள். தன் பக்கத்தில் முந்நூற்று நாற்பத்தாறு என்று எழுதி, தாளை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

"இது தப்பு" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்படிச் சொல்லும்மா!"

"அவன் வீட்டுல இருந்தது பத்தொம்பது நாள் இல்லடி. பதினொண்ணுதான். மீதி எட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். அங்க ராத்திரி பகலா என் கட்டிலுக்குக் கீழ படுத்திருந்தது நீதானே? எழுதறதுன்னா ஒழுங்கா எழுது."

அண்ணன் மறுபடி நாற்காலியில் சாய்ந்தான்.

ஊசிக்காரி இரண்டு எண்களையும் அடித்துவிட்டு, அண்ணன் கணக்கில் பதினொன்று, தன் பக்கத்தில் முந்நூற்று ஐம்பத்து நான்கு என்று எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூட்டிச் சரிபார்த்தாள்.

"இப்பக் குடு" என்று அம்மா கையை நீட்டினார்.